மூன்றாவது இழை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: டி.என்.ஏ. இரட்டைச் சுருள் என்றுதான் படித்திருக்கிறோம். ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் அது மூன்று இழையாக மடங்கி நோய் உண்டாக்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். மூன்று இழைகள் சேரக்கூடும் என்பதை 1957-லேயே செயற்கை ஆர்.என்.ஏ. இழைகளில் கண்டுவிட்டார்கள், அதற்கு நோயோடு தொடர்பு உண்டு என்பது வெகுகாலம் கழித்தே தெரியவந்தது. ஃபிரீட்ரீக் அட்டாக்ஸியா என்ற தள்ளாட்ட நோய் இதற்கு நல்ல சான்று. ஒன்பதாம் குரோமோசோமில் ஃபிராடாக்ஸின் என்னும் புரதத்துக்கான மரபணு இருக்கிறது. அதன் முதல் இன்ட்ரானில், அதாவது புரதத்துக்கான செய்தியிலிருந்து பின்னர் வெட்டி நீக்கப்படும் பகுதியில், 'ஜிஏஏ' என்ற மூவெழுத்து அடுத்தடுத்து வருகிறது. நலமாக இருப்பவர்களிடம் இது பெரும்பாலும் முப்பது முறைக்குள் அடங்கிவிடும். நோயாளிகளிடம் பல நூறு முறை, சிலரிடம் ஆயிரத்தையும் தாண்டும்.

இந்த வரிசையின் ஒரு இழையில் ஜி, ஏ மட்டுமே இருப்பதால் எதிர் இழையில் சி, டி மட்டுமே இருக்கும். மரபணுவைப் படியெடுக்கும்போது இழைகள் பிரிய, அவற்றில் ஒன்றின் பாதி பின்னோக்கி மடங்கி, பிரியாமல் இருக்கும் இரட்டைச் சுருளின் பள்ளத்தில் போய்ப் படிந்துகொள்கிறது. ஆக, மூன்றாவது இழை வெளியிலிருந்து வருவதில்லை, மடங்கிய பாதிக்குத் துணையாக இருந்த எதிர் இழைத் துண்டு தனியே தொங்குகிறது. படியெடுக்கும் நொதி அங்கே தடுமாறி நிற்கிறது. இந்த மூவிழை முடிச்சு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, அப்பகுதியின் குரோமாட்டின், அதாவது டி.என்.ஏ.வும் புரதங்களும் சேர்ந்த பொதி, இறுகிப்போவதும் மரபணுவை அடக்குகிறது. ஆயினும் வடிவத்துக்குப் பங்கு இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்: இடையிடையே 'ஜிஜிஏ' கலந்த நீண்ட வரிசை இப்படி மடங்குவதில்லை, நோயும் தருவதில்லை.

ஆகவே உருவாகும் ஃபிராடாக்ஸினில் பிழை ஏதுமில்லை, அளவுதான் போதவில்லை. உயிரணுவின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில், ஆற்றல் உண்டாக்கத் தேவையான இரும்பு-கந்தகத் தொகுதிகளை அமைக்க அப்புரதம் வேண்டும் என்பதால், ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படும் நரம்புகளும் இதயமும் முதலில் அடிபடுகின்றன.

கேள்வி: அப்படியானால் பெற்றோர் நலமாக இருப்பது எப்படி?

பதில்: பெரும்பாலும் அவர்கள் ஒவ்வொருவரிடமும் உள்ள இம்மரபணுவின் இரு பிரதிகளில் 'ஜிஏஏ' வரிசை நீண்ட பிரதி ஒன்றுதான் இருக்கும். மற்றொரு பிரதி தரும் ஏறக்குறைய பாதியளவு ஃபிராடாக்ஸினே உடலுக்குப் போதுமானதாக இருப்பதால் நோய் தலைகாட்டுவதில்லை. பிள்ளைக்கு இருவரிடமிருந்தும் நீண்ட பிரதியே வந்து சேர்வதற்கான வாய்ப்பு, ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒன்று.