இலந்தைக் கொப்பில் குழாய், முதுகில் முள்: மருந்தடிக்க வேண்டுமா?

கோப்பாய்ப் பக்கம் வெங்காயம் செய்கிற ஒருவர் கேட்கிறார்: வேலியோர இலந்தைக் கொப்பில் சுண்ணாம்பில் செய்ததுபோல சின்னச் சின்னக் குழாய்கள் ஒட்டியிருக்கின்றன, ஒன்றின் வாயில் நுரை, பக்கத்தில் முதுகில் முள்ளோடு ஒரு பூச்சி, தொட்டால் பாய்கிறது. இதற்கு என்ன மருந்து?

முதலில் போத்தலைக் கீழே வையுங்கள். இது நுரைப்பூச்சிக்குச் சொந்தம், குழாய் கட்டுகிற வகை. மற்ற நுரைப்பூச்சிகளின் குஞ்சு துப்பிவைத்தது போன்ற நுரைக்குள் இருக்கும். இதன் குஞ்சு தானே கட்டின குழாய்க்குள், தன் கழிவுநீரிலேயே தலைகீழாக ஊறியபடி கொப்பின் சாற்றை உறிஞ்சும், வளர்ந்து வெளியேறும்போதுதான் அந்த நுரை. கொப்பில் வாழ்கிற சீவன், வெங்காயத்தைத் தேடி வராது.

ஆனால் முள்ளை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கொம்புள்ள தத்தி என்று சாறு உறிஞ்சுகிற வேறொரு பூச்சி இருக்கிறது, அதையும் இதையும் குழப்பாத ஆளே இல்லை. அது இனிப்பாகக் கழிக்கும், அதனால் எறும்பு சுற்றி நிற்கும், இலையில் கரிபோலப் பூஞ்சணம் படியும். உங்கள் பூச்சி குடிப்பது வேரிலிருந்து மரம் ஏற்றுகிற தண்ணீரை, கழிப்பதும் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான், எறும்புக்கு அதில் என்ன வேலை? எறும்பு வரிசை கண்டால் மட்டும் திரும்ப எழுதுங்கள். குழாய் இருந்தால் அந்தச் சந்தேகமும் வேண்டாம்.

இனி மருந்துக்கடை. படத்தைக் காட்டினால் "ஓம், தத்திதான்" என்று இரண்டைக் கலந்து தருவார்கள், அலுமாரியில் எது தேங்கிக் கிடக்கிறதோ அதுதான் உங்கள் பூச்சிக்கு மருந்து. மூன்று மொழி லேபிளும் பீடைகொல்லிப் பதிவாளரின் பதிவிலக்கமும் இல்லாத போத்தலைக் கையாலும் தொடாதீர்கள், 1980 இலிருந்தே சட்டம் இருக்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை. கண்டதை அடித்தால் முதலில் சாவது பீடைகளைக் கொன்று நமக்கு வேலை செய்கிற குளவிகள். 2008 இல் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி வந்தபோது அதை அடக்கியது வெளியிலிருந்து கொண்டுவந்துவிட்ட சின்னக் குளவிதான்.

விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள் என்றும் சொல்லவேண்டும். ஆனால் ஒருவர் தலையில் எத்தனை ஊரைக் கட்டினால் அவர் எந்தத் தோட்டத்துக்கு வருவார், படிவம் நிரப்பவே பொழுது போய்விடும். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனைத் தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள், அதற்கு முன் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, பூச்சி ஒன்றை ஸ்பிரிட்டில் போட்டு வையுங்கள். குழாயுள்ள கொப்பு கண்ணை உறுத்தினால் வெட்டிப்போடுங்கள், அதற்கு மேல் செலவழிக்க ஒன்றுமில்லை.