நூறு யார் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: அக்கா, நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஏழாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி, அப்புறம் இங்கிலீஷ் மீடியம், பி.காம். இப்போது சயான் – பாந்திரா லிங்க் ரோட்டில் ஒரு தோல் பைக் கடையில் பில் போடுகிறேன். வங்கி கிளார்க் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். கடையில் தள்ளுபடிக் கணக்கை வாயாலேயே போட்டுவிடுவேன். தேர்வில் அதே சதவீதம் வந்தால் கை நின்றுவிடுகிறது. ‘விலை 25 சதவீதம் ஏறினால், செலவு ஏறாமல் இருக்க உபயோகத்தை எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும்?’ என்ற கேள்விக்கு 25 என்று போட்டேன். விடை 20-ஆம். வீடியோக்களில் ஆளுக்கொரு ஃபார்முலா சொல்கிறார்கள். எங்கே பிளஸ், எங்கே மைனஸ் என்பது மறந்துபோகிறது. ஒரு கோச்சிங் சென்டரில் விசாரித்தேன். 18 சதவீத ஜி.எஸ்.டி. உட்பட 11,800 ரூபாய் என்றார்கள். அதில் 18 சதவீதத்தைக் கழித்தால் 9,676 ரூபாய்தானே வருகிறது? அவர்கள் தந்த சீட்டில் கட்டணம் 10,000 என்று இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா? சேரலாமா, வேண்டாமா? – வாசகி, தாராவி, மும்பை.

பதில்: ஏமாற்று ஒன்றும் இல்லை தங்கச்சி, சீட்டில் இருப்பது சரியான கணக்கு. நீங்கள் 9,676 என்று போட்டதும், தேர்வில் 25 என்று போட்டதும் ஒரே தப்பு. அதனால் ஒன்றைச் சரி செய்தால் மற்றதும் தானாகச் சரியாகிவிடும்.

18 சதவீதம் என்று யாராவது சொன்னால் உடனே ‘எதில்?’ என்று கேட்க வேண்டும். எதில் 18 சதவீதமோ அதுதான் 100. ஜி.எஸ்.டி.யைக் கட்டணத்தின் மேல் போடுகிறார்கள். ஆகவே கட்டணம் 100, வரி 18, நீங்கள் நீட்டுகிற பணம் 118. அந்த 118 பங்குதான் 11,800 ரூபாய். ஒரு பங்கு 100 ரூபாய், 100 பங்கு 10,000. வரி 1,800. நீங்கள் என்ன செய்தீர்கள்? 11,800-ஐயே 100 என்று எடுத்துக்கொண்டு அதில் 18 சதவீதம், அதாவது 2,124 ரூபாயைக் கழித்தீர்கள். உண்மையான வரியைவிட 324 ரூபாய் அதிகம். அந்த 324 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1,800-ல் 18 சதவீதம். வரிக்கும் சேர்த்து வரி போட்டுவிட்டீர்கள்!

கடையில் இந்தத் தடுமாற்றம் ஏன் வருவதில்லை என்று யோசித்துப் பாருங்கள். 2,400 ரூபாய்ப் பைக்கு 20 சதவீதத் தள்ளுபடி. வந்தவர் விடாமல் ‘தோடா அவுர் கம் கரோ’, இன்னும் கொஞ்சம் குறையுங்கள், என்கிறார். முதலாளி மனமிரங்கி இன்னொரு 10 சதவீதம் என்கிறார். வந்தவர் முப்பது சதவீதம் குறைந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் பையைத் தோளில் மாட்டிப் பார்க்கிறார். நீங்கள் பில் போடுகிறீர்கள்: 2,400-ல் 480 போனால் 1,920. அதில் 192 போனால் 1,728. நிஜமாகவே 30 சதவீதம் குறைந்திருந்தால் 1,680-தான் வந்திருக்கும். 48 ரூபாய் கல்லாவில் தங்கிவிட்டது. இரண்டாவது தள்ளுபடிக்கு 100 என்பது 2,400 இல்லை, 1,920. இது உங்களுக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும், ஏனென்றால் விலைச்சீட்டு கண்ணெதிரே தொங்குகிறது. தேர்வில் சீட்டு தொங்காது. வாக்கியத்துக்குள்தான் தேட வேண்டும்.

தமிழில் படித்துவிட்டு இங்கிலீஷில் தேர்வு எழுதுகிறவர்கள் வழுக்குகிற இடமும் அந்த வாக்கியம்தான். நாம் ‘பி-யைவிட ஏ 25 சதவீதம் அதிகம்’ என்போம். 100 ஆக வேண்டிய பி முதலிலேயே வந்துவிடும். அவர்கள் ‘ஏ இஸ் 25 பர்சென்ட் மோர் தேன் பி’ என்பார்கள். கண்ணில் முதலில் படுவது ஏ, கை அதை 100 என்று எழுதிவிடும். ‘தேன்’ (than) என்ற சொல்லுக்குப் பின்னால் யார் நிற்கிறாரோ அவர்தான் 100. ‘ஆஃப்’ (of) வந்தாலும் அப்படியே. கணக்கைத் தொடுவதற்கு முன் அந்தப் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். கணினியில் நடக்கும் தேர்வு என்பதால் தரும் வெள்ளைத்தாளில் ‘பி = 100’ என்று எழுதிக்கொண்டாலும் போதும்.

சரி, இப்போது அந்த 25 சதவீதக் கேள்வி. உங்கள் பகுதியில் இட்லிக்கு மாவு அரைத்து வியாபாரம் செய்யும் குடும்பங்கள் நிறைய. அப்படி ஒரு வீட்டில் வாரத்துக்கு 600 ரூபாய்க்கு உளுந்து வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 120 என்றால் 5 கிலோ கிடைக்கும். விலை 25 சதவீதம் ஏறி 150 ஆகிவிட்டது. அதே 600 ரூபாய்க்கு இப்போது 4 கிலோதான். 5 கிலோவில் 1 கிலோ குறைந்தது, அதாவது ஐந்தில் ஒன்று, 20 சதவீதம். ஃபார்முலா எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா?

உள்ளே நடப்பது இவ்வளவுதான். 25 சதவீதம் என்றால் நாலில் ஒன்று. நாலு பங்காக இருந்த விலை ஐந்து பங்காகிவிட்டது. ஐந்திலிருந்து பழைய நாலுக்கு இறங்க வேண்டுமானால் ஐந்தில் ஒன்றைக் குறைக்க வேண்டும். ஏறும்போது நாலில் ஒன்று, இறங்கும்போது ஐந்தில் ஒன்று. இதை எந்த எண்ணுக்கும் நீட்டலாம். 20 சதவீதம் ஏறினால் ஐந்தில் ஒன்று ஏறியிருக்கிறது, ஆகவே ஆறில் ஒன்று குறைய வேண்டும்: 16⅔ சதவீதம். 10 சதவீதம் ஏறினால் பதினொன்றில் ஒன்று குறைய வேண்டும்: 9 1/11 சதவீதம். தலைகீழாகவும் வரும். சம்பளம் 20 சதவீதம் குறைந்துவிட்டது, பழைய சம்பளத்துக்கு வர எத்தனை சதவீதம் ஏற வேண்டும்? ஐந்து பங்கு நாலாகிவிட்டது. நாலிலிருந்து ஐந்துக்கு ஏற நாலில் ஒன்று, 25 சதவீதம். ஏறியதற்கு அடுத்த எண், இறங்கியதற்கு முந்தைய எண். எங்கே பிளஸ், எங்கே மைனஸ் என்ற சண்டை இதோடு தீர்ந்தது.

இதற்குப் பின்னங்கள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். 50, 33⅓, 25, 20 எல்லாருக்கும் தெரியும். 16⅔ என்றால் ஆறில் ஒன்று, 14 2/7 ஏழில் ஒன்று, 12½ எட்டில் ஒன்று, 11 1/9 ஒன்பதில் ஒன்று, 9 1/11 பதினொன்றில் ஒன்று, 8⅓ பன்னிரண்டில் ஒன்று, 6¼ பதினாறில் ஒன்று. ஒன்பதும் பதினொன்றும் ஒன்றுக்கொன்று மாறி நிற்பதைப் பிடித்துக்கொண்டால் மறக்காது. சயானில் லோக்கல் ஏறி தாதர் இறங்குவதற்குள் ஒருமுறை சொல்லிவிடலாம். பின்னம் தெரிந்தால் ‘640-ல் 37½ சதவீதம்’ என்பது எட்டில் மூன்று பங்கு, 240. பின்னத்தில் அடங்காததை உடைத்துப் போடுங்கள். 640-ல் 37 சதவீதம் கேட்டால் 10 சதவீதம் 64, அதனால் 30 சதவீதம் 192, 5 சதவீதம் 32, 2 சதவீதம் 12.8. கூட்டினால் 236.8. இன்னொன்று, 25-ல் 16 சதவீதமும் 16-ல் 25 சதவீதமும் ஒன்றுதான். இரண்டில் எது சுலபமோ அதைப் போடுங்கள், 4 என்று உடனே வந்துவிடும்.

தேர்வு வைப்பவர்களுக்குப் பிடித்த இன்னொரு ரகம், 100 யார் என்று நேரடியாகச் சொல்லாமல் வித்தியாசத்தை மட்டும் கொடுப்பது. இருவர் போட்டியிட்ட தேர்தலில் ஒருவர் 58 சதவீதம் வாங்கி 4,800 ஓட்டில் ஜெயித்தார், பதிவான ஓட்டு எத்தனை? தோற்றவருக்கு 42. வித்தியாசம் 16 சதவீதம். 16 பங்கு 4,800 என்றால் 1 பங்கு 300, மொத்தம் 30,000. பாஸ் மார்க் கணக்கும் இதே சாதிதான். 30 சதவீதம் எடுத்தவன் 15 மார்க்கில் ஃபெயில், 40 சதவீதம் எடுத்தவளுக்குத் தேவைக்கு மேல் 35 மார்க். இருவருக்கும் இடையே 10 சதவீதம், மார்க்கில் 50. ஆக மொத்தம் 500, பாஸ் மார்க் 165. கேள்வியின் நீளத்தைப் பார்த்தே பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் கேட்டால் தாளிலேயே சுலபமான கணக்கு இதுதான் என்பேன்.

நிஜமாகவே ஏமாற்றுகிற கேள்வி திராட்சைக் கேள்வி. பச்சைத் திராட்சையில் 90 சதவீதம் தண்ணீர், உலர்ந்ததில் 20 சதவீதம். 20 கிலோ பச்சைத் திராட்சையைக் காயவைத்தால் எத்தனை கிலோ உலர் திராட்சை? தண்ணீரைத் துரத்திக்கொண்டு போனால் 90-லிருந்து 20-ஐக் கழித்து, 70 சதவீதம் போய்விட்டது, மிச்சம் 6 கிலோ என்று விடை வரும். தேர்வுத் தாளில் அந்த 6-ம் ஒரு ஆப்ஷனாக உங்களுக்காகக் காத்திருக்கும். 90-க்கு 100 பச்சைத் திராட்சை, 20-க்கு 100 உலர்ந்தது. இரண்டு வெவ்வேறு 100-லிருந்து வந்த எண்களைக் கழிக்கவே கூடாது. மாறாமல் இருப்பது எது? சதை. 20 கிலோவில் 10 சதவீதம், 2 கிலோ. உலர்ந்த பிறகு அதே 2 கிலோ 80 சதவீதம் ஆகிறது. 80 பங்கு 2 கிலோ என்றால் 100 பங்கு 2.5 கிலோ. பாலில் தண்ணீர் கலக்கும் கணக்கும் இப்படித்தான். மாறாததைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

வங்கி வேலைக்குப் போகிறவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கோட்டைப் பகுதியில் இருக்கும் நம் ஊர் ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் ரெப்போ வட்டியை, அதாவது மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியை, 6.50 சதவீதத்திலிருந்து 6.25 ஆக்கியது. குறைந்தது 0.25 சதவீதப் புள்ளி, அவர்கள் பாஷையில் 25 பேசிஸ் பாயின்ட். ஆனால் ‘எத்தனை சதவீதம் குறைந்தது?’ என்று கேட்டால் விடை வேறு. பழைய 6.50-தான் 100. அதில் 0.25 என்பது 26-ல் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 3.85 சதவீதம். டேட்டா இன்டர்பிரிடேஷனில் வரைபடம் கொடுத்து இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்து ஆப்ஷனாக வைப்பார்கள்.

நேரம் பற்றி. கிளார்க் பிரிலிம்ஸில், அதாவது முதல்நிலைத் தேர்வில், கணக்குப் பகுதிக்கு 35 கேள்வி, 20 நிமிடம். ஒரு கேள்விக்கு 34 விநாடிதான். தப்புக்குக் கால் மார்க் போகும், நாலு தப்பு ஒரு சரியைத் தின்றுவிடும். கேள்வியைப் படித்து முடித்தும் 100 யார் என்று பிடிபடவில்லை என்றால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு நகருங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். சதவீதத்தை மொத்தமாக ஒதுக்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். லாப நட்டம், தனி வட்டி, கூட்டு வட்டி, டேட்டா எல்லாம் இதன் தலையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

கோச்சிங் விஷயம். சதவீதத்துக்காக மட்டும் என்றால் 11,800 ரூபாய் தண்டம். தமிழ்நாட்டு ஏழாம், எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழிலேயே படித்துக்கொள்ளலாம். அதை முடித்துவிட்டு முந்தைய வருடத் தாள்களை இங்கிலீஷில் போடுங்கள். தப்பான கணக்குக்குப் பக்கத்தில் சரியான விடையை எழுதாதீர்கள், நீங்கள் யாரை 100 என்று நினைத்தீர்கள், உண்மையில் யார் 100 என்பதை எழுதுங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்த பிறகும் ரீசனிங், இங்கிலீஷ் பகுதிகளுக்கு உதவி வேண்டும் என்று தோன்றினால் அப்போது சேருங்கள். சேரும்போது மொத்தமாகக் கட்டினால் 10 சதவீதம் குறைப்பார்களா என்று கேளுங்கள். குறைத்தால் கட்டணம் 9,000, வரி 1,620, மொத்தம் 10,620 ரூபாய். அதற்கு ஒரு ரூபாய் கூடக் கேட்டாலும் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.