முழங்கால் மாற்றுப் பதிவேடு: எந்தக் கட்டத்தை விடக்கூடாது?

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் முழங்கால் மூட்டு மாற்றுத் தரவுகளைக் கவனிக்கிறேன். படிவத்தில் 60 கட்டங்கள், பாதி காலி. தேசியப் பதிவேட்டில் சேர்க்கும் தரத்துக்கு இதை எப்படிக் கொண்டுவருவது?

பதில்: முதலில் கட்டங்களைக் குறையுங்கள். இவருடைய இந்தக் காலில் வைத்த இந்த மூட்டு எத்தனை ஆண்டு தாங்கியது? 1975இல் சுவீடன் முழங்காலுக்கென்று நாடு தழுவிய பதிவேட்டைத் தொடங்கிய நாளிலிருந்தே அடிப்படைக் கேள்வி இதுதான். ஆள், கால், மூட்டு, தேதி. இந்த நான்கில் ஒன்று விட்டுப்போனால் மீதி 56 கட்டங்கள் நிரம்பியும் பயனில்லை.

பலர் கோட்டைவிடுவது காலில். இரு முழங்காலும் மாற்றியவர் மறு அறுவைக்கு வருகிறார்; வலமா இடமா என்று குறிப்பில்லை. எந்த மூட்டு பழுதானது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் படிவம் சேமிக்கவே விடக்கூடாது. ‘இரண்டும்’ என்ற தெரிவையும் எடுத்துவிடுங்கள். ஒரே நாளில் செய்தாலும் காலுக்கு ஒரு பதிவு.

ஆளுக்கு அடையாள எண் இருக்கிறதே என்பீர்கள். வேலை அனுமதியில் இருந்தவர் நிரந்தரவாசியானால் எண் மாறிவிடும். பழைய எண்ணை அழிக்காமல் புதியதோடு கோத்து வையுங்கள்.

அடுத்தது ஸ்டிக்கர். தொடை எலும்புப் பாகம், கீழ்க்கால் எலும்புத் தட்டு, இடையில் பிளாஸ்டிக் இன்சர்ட், வைத்திருந்தால் முழங்கால் சில்லு, எலும்பு சிமெண்ட் என்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்று வரும். லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதி எண்) கையால் தட்டினால் பூஜ்யமும் ஆங்கில ‘ஓ’வும் குழம்பும், பார்கோடை ஸ்கேன் செய்யுங்கள். அதில் (10) என்று தொடங்குவது லாட், (17) காலாவதி நாள், (21) வரிசை எண். அளவு பொருந்தாமல் பிரித்துப் போட்ட பெட்டியின் ஸ்டிக்கரும் தாளில் ஒட்டப்பட்டுவிடும். எனவே பாகத்தைப் பொருத்திய பிறகே ஸ்கேன். வீணானதற்குத் தனிப் பட்டியல்.

கிருமித்தொற்றுக்காக மூட்டைக் கழுவி இன்சர்ட்டை மட்டும் மாற்றினால், ‘வெறும் கழுவல்தானே’ என்று பதியாமல் விடுகிறார்கள். பொருத்திய பாகம் எதையாவது சேர்த்தாலோ எடுத்தாலோ மாற்றினாலோ அது ரிவிஷன்தான், அதாவது மறு அறுவை. காரணத்தையும் குறியுங்கள்.

மாதம் ஒருமுறை அறுவை அரங்குப் பட்டியலையும் பில்லிங் பட்டியலையும் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். இறப்புத் தகவலையும் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் காலமானவரின் மூட்டும் ‘நன்றாக உழைக்கிறது’ என்றே கணக்கில் நிற்கும். ஜொகூரிலோ சென்னையிலோ மறு அறுவை செய்துகொண்டவர்கள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள். அதற்கு ஆண்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்புதான் வழி.

வலி, நடமாட்டம் பற்றிய 12 கேள்விகள் கொண்ட ஆக்ஸ்ஃபர்ட் முழங்கால் மதிப்பெண்ணை (உச்சம் 48) அறுவைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். பிறகு நினைவிலிருந்து கேட்பது கணக்கில் சேராது. பாட்டிக்குப் பதில் மகன் நிரப்பினால், யார் நிரப்பியது என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். நான் கூட்டச் சொல்லும் ஒரே கட்டம் அது.