படைத் தலைவர்களுக்குச் சமயோசிதத்தைப் பயிற்சியால் ஊட்ட முடியுமா?

சமயோசிதம் பிறவிக் குணமா, அதை ஒரு ராணுவ அதிகாரிக்குப் பயிற்சியால் ஊட்ட முடியுமா என்பது கேள்வி. முடியும் என்பதே பல ஆண்டுகளாக ராணுவ வரலாற்றைப் படித்துவரும் எனது உறுதியான எண்ணம். ஆனால், மைதானத்தில் ஒரே அசைவை நூறு முறை செய்யவைத்து அதை வரவழைக்க முடியாது.

1806-இல் யேனா என்ற ஊரில் நெப்போலியனிடம் தோற்ற, அன்றைய ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் படையில் கட்டுப்பாட்டுக்குக் குறைவில்லை. கண்முன்னே நிலைமை மாறியபோதும் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கும் வழக்கம்தான் அதன் பெரும் பலவீனமாக இருந்தது. அந்த அடிக்குப் பிறகே ஷார்ன்ஹோர்ஸ்ட் போன்ற பிரஷ்யத் தளபதிகள் அதிகாரிகளின் கல்வியைத் திருத்தி அமைத்தார்கள். 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி படைத் தலைமைக்குக் காட்டிய வரைபடப் போர்ப் பயிற்சியில், எதிரணி எங்கே நிற்கிறது என்பது முழுமையாகத் தெரியாமலேயே முடிவெடுக்க வேண்டும். தெரிய வேண்டியதை மட்டும் நடுவர் தெரிவிப்பார்.

இன்றும் இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பாலத்தைக் கடந்து தாக்குவதாகத் திட்டமிட்டு ஒரு கேப்டன் வரைபடத்தின் முன் நிற்கிறார். "பாலம் தகர்ந்துவிட்டது, வயர்லெஸ் வேலை செய்யவில்லை, ஐந்து நிமிடத்தில் உத்தரவு சொல்லுங்கள்" என்கிறார் நடுவர். அந்த ஐந்து நிமிடத் திணறலைப் பயிற்சிக் கூடத்திலேயே பலமுறை அனுபவித்தவர் களத்தில் உறைந்து நிற்பது அரிது.

முடிவெடுக்கப் பழக்கினால் மட்டும் போதாது. அதைத் திறந்த மனத்தோடு அலசவும் வேண்டும். அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் உள்ள ஃபோர்ட் இர்வின் பயிற்சி மையத்தில், அந்த நிலத்தை நன்கறிந்த நிரந்தர எதிரிப் படையோடு மோதும் பிரிவுகள் பெரும்பாலும் தோற்றுப்போகும். தோல்வியை மறைக்காமல், என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது என்று இளையோரும் மூத்தோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள். தன்னுடைய தாமதத்தால்தான் ஒரு கம்பெனி சிக்கிக்கொண்டது என்று கட்டளை அதிகாரி தன் லெப்டினன்ட்களின் முன்னால் ஒப்புக்கொள்ளும் அந்த நேரத்தை, எந்த விரிவுரையைவிடவும் உயர்ந்த பாடமாக நான் மதிக்கிறேன். (நேர்மையான தவறுக்கும் பதவி உயர்வைப் பறிக்கும் படையில் இது நடக்காது, அங்கே எல்லோரும் பாதுகாப்பான பதிலையே சொல்வார்கள்.)

ஒரே ஒரு மாற்றம் செய்யும் அதிகாரம் எனக்குக் கிடைத்தால், ஒவ்வொரு பெரிய ஒத்திகையிலும் பாதி வழியில் தளபதி வீழ்ந்துவிட்டதாக அறிவித்து, அடுத்த நிலை அதிகாரியிடம் பொறுப்பை ஒப்படைக்கச் செய்வேன். தளபதி என்ன செய்யச் சொன்னார் என்பதை மட்டுமன்றி, எதற்காகச் சொன்னார் என்பதையும் அவர் தெரிந்து வைத்திருக்கிறாரா என்பது அடுத்த சில நிமிடங்களில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.