தொகுதி மறுவரையறை (எல்லைகளைத் திருத்தி வகுத்தல்) மனு எழுதுவோருக்கு: கேள்வி-பதில்

தேவிபட்டினம் வாசகர்: எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர்கள் குறைந்துவிட்டன. தொகுதி எல்லை மாறிவிடுமா?

மாறாது. எல்லை வகுக்க எடுத்துக்கொள்வது மக்கள்தொகைக் கணக்கெடுப்பை. வாக்காளர் பட்டியலை அல்ல. 2008இல் வந்த தொகுதிகள் 2001 கணக்கெடுப்பின்படி வரையப்பட்டவை. விடுபட்ட பெயரைச் சேர்ப்பது தனி வேலை. அதையும் விட்டுவிடாதீர்கள்.

சாயல்குடி வாசகர்: கடலாடித் தொகுதியை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று 500 பேர் கையெழுத்திட்ட மனு தயார். போதுமா?

போதாது. கடலாடி நீக்கப்பட்டபின் சாயல்குடிக் கடற்கரையும் கமுதிக் கரிசலும் முதுகுளத்தூர் என்ற ஒரே தொகுதிக்குள் இருக்கின்றன. வலை வீசுபவரின் தேவை வேறு, மிளகாய் போடுபவரின் தேவை வேறு என்ற உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் 2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு கேட்பது, பகுதி சிதறாமல் இருக்கிறதா, நில அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, பொதுமக்கள் வசதி ஆகியவற்றைத்தான். எந்த வருவாய்க் கிராமத்தை எங்கிருந்து எடுத்து எங்கே சேர்க்க வேண்டும், சேர்த்தபின் இரு பக்கமும் மக்கள்தொகை என்ன ஆகும் என்று ஓர் அட்டவணை போடுங்கள். அது இல்லாத மனு கோப்பிலேயே கிடக்கும்.

பரமக்குடி வாசகர்: தனித்தொகுதி சுழற்சியில் மாறுமா?

உள்ளாட்சியில் சுழற்சி உண்டு. சட்டமன்றத்தில் கிடையாது, அடுத்த மறுவரையறை வரை அப்படியே இருக்கும்.

ஊர் பெயர் போடாதவர்: எங்கள் பகுதியை வேண்டுமென்றே வெட்டிவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போகலாமா?

எந்த ஊர், வார்டா, சட்டமன்றத் தொகுதியா? ஒன்றையும் சொல்லாமல் தீர்வு கேட்டால் நான் எதைப் பார்த்துச் சொல்வது? தொகுதி என்றால், அரசமைப்பின் 329ஆம் பிரிவு நீதிமன்றக் கதவை ஏறக்குறைய அடைத்தே வைத்திருக்கிறது. அப்பட்டமான தன்னிச்சை என்றால் தலையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024இல் சொன்னது. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். புதிய எல்லைகளின் வரைவு வெளியானதும் ஆட்சேபணை கொடுங்கள். கெடுவுக்குள், ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு.

தங்கச்சிமடம் வாசகர்: கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கு மீனவர்கள் வருவதில்லை என்று குறை சொல்கிறார்களே?

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும். விசைப்படகுகள் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் நாளில், மாவட்டத் தலைநகரில், காலை 11 மணிக்குக் கூட்டம் என்றால் யார் வருவார்கள்? உங்கள் ஊரிலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பஸ் செலவோடு ஒரு நாள் பாடும் போகும். பாசி எடுக்கும் பெண்கள் அன்றைய வருமானத்தை விட்டுவிட்டு வந்து வரைபடம் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். வராதவருக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொள்வது அதைவிட அநியாயம்.

பொது அமர்வு நடத்தியே ஆக வேண்டும் என்கிறது சட்டம். இடத்தை, எல்லை வகுக்கும் மறுவரையறை ஆணையத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. ஆகவே வரைவு வரும்வரை காத்திராமல் இப்போதே சங்கத்தின் பெயரில் எழுதுங்கள். மண்டபத்திலோ தொண்டியிலோ ஓர் அமர்வு வேண்டும், படகு கரையில் நிற்கும் நாளில் வேண்டும் என்று கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அதைச் சுட்டிக்காட்டுங்கள். வரைவு வெளியாகும் அரசிதழைக் கடற்கரையில் யாரும் பார்ப்பதில்லை. தமிழில் வரைவும், வரைபடமும், கிராமவாரி மக்கள்தொகையும் மீன் ஏலக்கூடத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டப்பட வேண்டும். வரைபடம் இல்லாமல் கிராமப் பெயர்களை மட்டும் அடுக்கிய வரைவை ஏற்காதீர்கள்.

பாம்பன் வாசகர்: எம்.பி.யிடம் மனு கொடுத்துவிட்டோம். சரிதானே?

நகல் கொடுத்தது சரி. மூல மனு ஆணையத்துக்குப் போக வேண்டும். மாநிலத்துக்கு 5 எம்.பி.க்கள், 5 எம்.எல்.ஏ.க்கள் ஆணையத்தின் இணை உறுப்பினர்கள். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. மாற்றுக் கருத்தைப் பதிவு செய்து வரைவோடு வெளியிடச் செய்ய முடியும். உங்கள் எம்.பி. அந்தப் பத்துப் பேரில் ஒருவரானால் அதைக் கேளுங்கள்.

கீழக்கரை வாசகர்: வார்டுவாரி மக்கள்தொகையை எப்படிப் பெறுவது?

தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தில். பதிலுக்கு 30 நாள் ஆகலாம். ஆட்சேபணைக் கெடு அதற்குள் முடிந்துவிடக்கூடும். இந்த வாரமே அனுப்புங்கள்.