‘ப்ரில்’, ‘சார்டன்’ மாத்திரைகள்: கேட்டதும் சொன்னதும்

மருந்தகக் கவுண்டருக்குப் பின்னால் பல வருடம் நின்று ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் அல்ல. மாத்திரையை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டர் கையில். பெயர் ‘ப்ரில்’, ‘சார்டன்’ என்று முடியும் ரத்த அழுத்த மாத்திரைகள் உடம்புக்குள் என்ன செய்கின்றன என்பதை நான் சொல்கிறேன்.

அக்கா, எனக்கு லோசார்டன் கொடுத்திருக்கிறார்கள். “ஹார்மோன் மேல் வேலை செய்யும்” என்றார் டாக்டர். ஹார்மோன் பெண்கள் சமாச்சாரம் இல்லையா? (ஆண், 58, தோ பாயோ)

சிரித்துவிட்டேன் அண்ணே, கோபிக்காதீர்கள். ரத்தத்தோடு ஓடி ஓர் உறுப்பின் சேதியை இன்னொன்றுக்குச் சொல்வதுதான் ஹார்மோன். அது எல்லாருக்கும் உண்டு. ரத்த அழுத்தம் இறங்கியதாகச் சிறுநீரகம் நினைத்தால் ரெனின் என்ற ஒன்றை விடும். கல்லீரல் செய்து அனுப்பும் ஒரு புரதத்தை ரெனின் வெட்ட, ஆஞ்சியோடென்சின் ஒன்று வரும். அதை ‘ஏஸ்’ என்னும் நொதி (அதாவது என்சைம்; நுரையீரலில் நிறைய இருக்கிறது) ஆஞ்சியோடென்சின் இரண்டாக மாற்றும். ஆட்டம் அதற்கப்புறம்தான். ரத்தக் குழாய்களை அது இறுக்கும். சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியை உசுப்பி ஆல்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும். ஆல்டோஸ்டிரோன் உப்பை வெளியே விடாது. உப்பு நின்றால் தண்ணீரும் நிற்கும், ரத்த அழுத்தம் ஏறும்.

எனலாப்ரில் போன்ற ‘ப்ரில்’கள் அந்த நொதியைத் தடுக்கும். உங்கள் லோசார்டன், ஆஞ்சியோடென்சின் இரண்டு வந்து ஒட்டும் இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். ஸ்பைரோனோலாக்டோன் கடைசிப் படியில் ஆல்டோஸ்டிரோனை மறிக்கும். பிரஷருக்குப் பலரும் சாப்பிடும் அம்லோடிபின் இந்தக் குடும்பமே இல்லை.

எனலாப்ரில் தொடங்கி ஒரு மாதம். வறட்டு இருமல் விடவில்லை. ஏர்கான்தான் காரணம் என்கிறார் வீட்டுக்காரர். கற்பூரவல்லிக் கஷாயமும் குடித்துப் பார்த்துவிட்டேன். (உட்லண்ட்ஸ்)

ஏர்கான் மேல் பழி போடாதீர்கள். என் கவுண்டருக்கு ஓர் அம்மா மூன்று முறை இருமல் மருந்து வாங்க வந்தார். சளியில்லை, காய்ச்சலில்லை, தொண்டையில் இறகு வைத்தாற்போல் ஒரு கிச்சுகிச்சு, ராத்திரி படுத்தால் அதிகம். நான்காம் முறை கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டைகளைக் காட்டச் சொன்னேன். இருந்தது எனலாப்ரில். முதல் முறையே கேட்காமல் விட்டது என் தப்பு.

ஏஸ் நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பது. நொதியைத் தடுத்தால் பிராடிகைனின் தேங்கி, இருமலைக் கிளப்பிவிடும். சீனர்களிடம் இது அதிகம், அதனால் சிங்கப்பூர் டாக்டர்களுக்குப் பழகிய புகார்தான். இந்த மருந்தின் பூர்வீகமே பிராடிகைனினோடு பின்னியது. ஜராராகா என்னும் பிரேசில் விரியனின் விஷம் பிராடிகைனினின் வேகத்தைக் கூட்டுவதை 1960களில் பிரேசில் ஆய்வாளர் செர்ஜியோ ஃபெரெய்ரா கண்டார். அந்த விஷத்தில் இருந்த பொருள் ஏஸ் நொதியையும் தடுப்பது பிறகு தெரிந்தது. அந்த வழியில் போய்ச் செய்த கேப்டோப்ரிலுக்கு 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பாம்பு விஷம் காட்டிய வழியில் வந்த மருந்து நம் வீட்டு மாத்திரை டப்பாவில் கிடக்கிறது, பாருங்கள்!

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் ‘சார்டன்’ வகைக்கு மாற்றுவார். மாற்றிய மறுநாளே இருமல் போகாது; சில வாரம் பிடிக்கும். ஆனால் உதடோ நாக்கோ முகமோ வீங்கினால் காத்திருக்கக் கூடாது. அடுத்த மாத்திரையைத் தொடாமல் உடனே 995க்கு (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ்) அழையுங்கள்.

பிரஷருக்கு நல்லது என்று மகள் சோடியம் குறைந்த உப்பு வாங்கி வந்தாள். நான் டெல்மிசார்டன் சாப்பிடுகிறேன். தினமும் இளநீரும் உண்டு. (தேக்கா)

இன்று வந்ததில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த கேள்வி இதுதான் அம்மா. உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பொட்டாசியம் குளோரைடு என்று இருக்கிறதா? ஆல்டோஸ்டிரோன் உப்பைப் பிடித்துவைக்கும்போது பொட்டாசியத்தை வெளியே தள்ளும். உங்கள் மாத்திரை அந்தத் தள்ளலைக் குறைத்துவிடும். அதோடு பொட்டாசியம் உப்பு, தினம் இளநீர் என்று சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. மிக ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர் எப்போதாவது ஓர் இளநீர் குடித்தால் பயமில்லை. மற்றவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். அந்த உப்பும் அப்படித்தான். மகளைத் திட்டாதீர்கள், எண்ணம் நல்லதுதான்.

மாத்திரை தொடங்கியோ அளவு கூட்டியோ ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் எடுக்கச் சொல்வது பொட்டாசியமும் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) பார்க்கத்தான். பிரஷர் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு வராமல் இந்த இரண்டையும் கேளுங்கள். கிரியேட்டினின் ஆரம்பத்தில் லேசாக ஏறுவது எதிர்பார்த்ததே.

காலையிலா, ராத்திரியிலா?

மறக்காத நேரத்தில். 21,000 பேருக்கு மேல் கலந்துகொண்டு 2022இல் முடிவு வெளியான பிரிட்டன் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாத விஷயத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன். விரதத்தில் பெரிண்டோப்ரில் சாப்பிடலாமா? முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக்கும் இருக்கிறது. (ஈசூன்)

சிராங்கூன் ரோடு பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவில் வரை மூன்று, நாலு கிலோமீட்டர் நடை, வெயில் வேறு. விரதம் தொடங்குமுன் டாக்டரிடம் பேசிவிடுங்கள் தம்பி. உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகம் தன் வடிகட்டலைக் காப்பாற்ற நம்பியிருப்பது ஆஞ்சியோடென்சினைத்தான்; அதையும் மாத்திரை தடுத்திருக்கும். மேலே டைக்ளோஃபெனாக்கும் விழுந்தால் சிறுநீரகத்துக்கு மூச்சு முட்டும், நீர் மாத்திரையும் சாப்பிடுபவர் என்றால் இன்னும் மோசம். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். வாந்தி, பேதி வந்த நாளிலும் இதே கவலைதான்.

மருமகள் பிள்ளைக்குத் திட்டமிடுகிறாள். அவளுக்கு வால்சார்டன்.

இப்போதே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ப்ரில், சார்டன் இரண்டுமே கருவின் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். லாபெடலால், நிஃபெடிபின் போன்ற மாற்று இருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு ஸ்பைரோனோலாக்டோன். மார்பு வீங்கி வலிக்கிறது என்று என்னிடம் மட்டும் சொன்னார். டாக்டரிடம் சொல்ல வெட்கம். (ஜூரோங்)

அந்த மாத்திரை ஆண் ஹார்மோனின் வேலையையும் கொஞ்சம் தடுக்கும், அதனால் இப்படி ஆவதுண்டு. எப்ளெரெனோன் என்ற மாற்றில் இந்தத் தொல்லை குறைவு. அவருக்கு ஒத்துவருமா என்று டாக்டர் பார்க்கட்டும். புதிதாக வந்த கட்டியா என்றும் ஒரு முறை பரிசோதிக்க வேண்டும். நேரில் சொல்ல வெட்கமாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி மாத்திரை அட்டையோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். என் கவுண்டருக்கு அப்படி எத்தனையோ தாள் வந்திருக்கிறது.