கேள்வி – பதில்: கொழுக்குமலை ஜீப்பும் புதிய தாரும்

கேள்வி: கொழுக்குமலைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்புகளும் இப்போது விற்பனையாகும் மஹிந்திரா தாரும் ஒரே பரம்பரையில் வந்தவை என்கிறார்கள். உண்மையா? ஏலக்காய்த் தோட்டத்துக்கு எதை வாங்கலாம்?
– வாசகர், சூரியநெல்லி, இடுக்கி மாவட்டம்.

பதில்: உண்மைதான். 1941 முதல் அமெரிக்கப் படைக்காகத் தயாரான வில்லிஸ் எம்.பி. ஜீப்பே இவற்றுக்கு மூலம். 1947-இல் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களிலிருந்து பொருத்தி விற்கத் தொடங்கிய மஹிந்திரா, பின்னர் உரிமம் பெற்று சி.ஜே.3பி மாடலை இங்கேயே தயாரித்தது. அந்த வண்டியின் பானெட் உயர்ந்து நிற்பது அழகுக்காக அன்று. காற்றை உள்ளிழுக்கும் வால்வுகள் என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கு மாறியதால் என்ஜின் உயர்ந்தது, பானெட்டும் அதற்கேற்ப உயர்ந்தது.

மலைக்காரர்களுக்குப் பெரிதும் பயன்பட்ட மாற்றம் டீசல்தான் என்பேன். எம்.எம்.540 மாடலில் வந்த, பிரான்சின் பியூஜோ நிறுவன வடிவமைப்பிலான 2.1 லிட்டர் டீசல் என்ஜின் குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை தந்ததால், போடிமெட்டு, கம்பம்மெட்டு மலைப்பாதைகள் வழியாகத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றுவோருக்கு எரிபொருள் செலவும் கட்டுப்படியாயிற்று.

2010-இல் வந்த தாரில் முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு வந்தது; பின்பக்கம் பழைய பட்டை ஸ்பிரிங்கே நீடித்தது. 2020-இல் பின்பக்கமும் காயில் ஸ்பிரிங்குக்கு (சுருள்வில்லுக்கு) மாறியது, பெட்ரோல் என்ஜினும் கிடைத்தது. 2024-இல் ஐந்து கதவுள்ள தார் ராக்ஸ் வந்தது.

இத்தனை மாற்றத்திலும், தனிச் சேஸியும் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமும்), நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஃபோர் வீல் மாடல்களில் கியர் லீவருக்குப் பக்கத்தில் நிற்கும் சிறிய லீவரும் போகவில்லை. அதை மெதுவாகச் செல்வதற்கான 'லோ'வில் போட்டு முதல் கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதால், பிரேக்கை விடாமல் மிதித்துச் சூடாக்க வேண்டியதில்லை. கொழுக்குமலைப் பாதையின் பாறை இறக்கத்தில் உயிரைக் காப்பது அந்த லீவர்தான்.

சாக்கு ஏற்றவும் உள்ளூர்ப் பட்டறையிலேயே பழுது பார்க்கவும் பழைய ஜீப் போதும். வாங்குமுன் சேஸியில் துரு இருக்கிறதா என்று படுத்துப் பாருங்கள், 'லோ' விழுகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். குடும்பத்தோடு போவதானால், கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் பெற்ற 2020 தாரையே சொல்வேன். பழைய ஜீப்பில் ஏர்பேக் கிடையாது.